ஆவேசத்துக்குப் பத்துக்கு இரண்டு

முடிவு அறிவிக்கப்பட்ட ஏழு நாட்களுக்குள், ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளில் நேர்ந்த பிழையைக் கையெழுத்திட்ட கடிதத்தில் தெரிவித்தால், அமைப்புக் குழு அந்தத் தாளைத் திருத்த வேண்டும். அதனால் முடிவு மாறுமானால் முடிவையும் திருத்தி அறிவிக்க வேண்டும். இது விதி பதினொன்று. ஓட்டை இல்லாத விதி. எழுதியவன் நான் என்பதற்காகச் சொல்லவில்லை. ஓட்டை இருந்திருந்தால் முதலில் நான்தான் அதில் விழுந்திருப்பேன். நான் விழுந்தது வேறு இடத்தில்.

முப்பத்தாறு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் விதிகள் பிரிவில் இருந்தேன். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம், அதை எழுப்ப யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவைத் தேடி வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, எங்கள் மாட்டுங்கா கட்டடத்தின் சொசைட்டிக்காரர்கள். அவர்களும் தண்ணீர் டாங்க் தகராறு வந்தால்தான் வருவார்கள். இன்னொன்று, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாப் பேச்சுப் போட்டி. அதற்கு நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே நிரந்தர நடுவர்.

மூன்றாவது வகையாக ஒரு நாள் வந்தவன், என்னோடு வேலை பார்த்த செம்பூர் நண்பர் ஒருவரின் மகன். வயது முப்பதுக்கு மேல், வாஷியில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராப் பேட்டில் நடத்துகிறான்.

"அங்கிள், போன வருஷம் ரிசல்ட்ல பெரிய லஃப்டா ஆயிடுச்சு. மைக் ஸ்டாண்டைத் தூக்கிட்டு அடிச்சிக்கிட்டாங்க. நீங்க ஒரு ரூல் புக் எழுதிக் குடுங்க. ஜட்ஜாவும் உக்காருங்க. தமிழ் தெரியணும், எந்த கேங்க்லயும் இருக்கக் கூடாது. அந்த மாதிரி ஆள் கிடைக்கவே மாட்டேங்குது."

எனக்கு கேங்க் இல்லை என்பது உண்மைதான். என் பிரிவு உபசார விழாவுக்கே பதினோரு பேர்தான் வந்தார்கள், அதில் இருவர் சமோசா கொண்டுவந்தவர்கள்.

ராப் பேட்டில் என்றால் என்ன என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இருவர் எதிரெதிரே நிற்பார்கள். இசை கிடையாது. ஆளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். எதிரே நிற்பவரை எதுகையோடு திட்ட வேண்டும், தொடக் கூடாது. மூன்று நடுவர்கள் தாளில் மதிப்பெண் போடுவார்கள். இரண்டு தாள் யார் பக்கமோ அவர் வென்றவர். எங்கள் அலுவலகத்தில் இதை மாதாந்திர ஆய்வுக் கூட்டம் என்று அழைத்தோம். எதுகை மட்டும்தான் இருக்காது.

பதினான்கு விதிகள் எழுதிக் கொடுத்தேன். விதி இரண்டு: குழுவுக்கான கடிதங்கள் அஞ்சலில் மட்டுமே வர வேண்டும், வாட்ஸ்அப் ஏற்கப்படாது. விதி நான்கு: இந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் பாடலாம், ஆனால் ஒரு மொழியில் பாடுகிறவர் ஒருவர்கூட இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாவிட்டால், அடுத்த ஆண்டு அந்த மொழி பட்டியலில் இருக்காது. இது குழுவின் விருப்பம். தமிழுக்குக் கூட்டம் சேரவில்லையாம். நான் வாசகம் மட்டும் கொடுத்தேன். மதிப்பெண் தாளை அவர்களே தயாரித்து, இணைப்பு 'அ' என்று போட்டு, என் ஆறு பக்கத்துக்குப் பின்னால் பின் அடித்துவிட்டார்கள். அதை நான் படிக்கவில்லை. 'இணைப்பை முதலில் படி' என்று முப்பத்தாறு வருடம் ஊருக்கே உபதேசம் செய்தவன்.

அரையிறுதி, கணபதி கரைத்ததற்கு அடுத்த ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் டிராயிங் வகுப்பில். சுவர் முழுக்கக் குழந்தைகள் வரைந்த மயில்கள். எண்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

தமிழில் பாடுகிறவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண். தாராவியில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். இருபத்து நாலு இருபத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. நேரே என் மேசைக்கு வந்தாள். நடுவர் போட்டியாளரிடம் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் பேசியது அவள்.

"சார், ரூலு எழுதுனது நீங்கதானா?"

தலையசைத்தேன்.

"அந்த நாலாம் நம்பர் ரொம்பக் கொடூரம் சார். நான் தோத்தா தமிழும் சேந்து தோக்கணுமா? என் ஒருத்திய சொமக்கவே எனக்கு மூச்சு வாங்குது."

"இந்தியில் பாடலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேள்வி, பேச்சு ஆகாது.

"பாடலாம். இந்தியில எனக்குக் கோவம் வரும், சிரிப்பு வராது. சிரிக்காம திட்டுனா அது சண்டைலா?" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றாள்.

எதிராளி செம்பூர்க்காரன். வீட்டில் தமிழ், மேடையில் இந்தி. ஜிம் உடம்பு, தலைகீழாகப் போட்ட தொப்பி. அவன் குரல் எடுத்ததும் சுவரில் இருந்த மயில்கள் ஆடின. என் பெயரை எழுத ஸ்டேடியம் வேண்டும், உன் பெயரை எழுத ஒரு பட்டன் போதும் என்று இந்தியில் கத்தினான். அவன் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். என் தண்ணீர் டம்ளர் நகர்ந்தது.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. காய்கறிக்காரனிடம் விலை கேட்பது போல ஆரம்பித்தாள்.

"கத்து மக்கா கத்து, ஒனக்குத் தொண்டதான் சொத்து,
நீ கத்தி முடிக்கியதுக்குள்ள ஊசியில நூலக் கோத்து
வாயோரத்துல இருந்து தைக்க ஆரம்பிப்பேன், பாத்து!"

மூன்றாவது சுற்றில் இன்னும் தணிந்துவிட்டாள். பின்வரிசைக்காரர்கள் கேட்பதற்காக முன்னால் நெருங்கி வந்தார்கள்.

"ஊசி சத்தம் போடாது, உள்ள போயி வெளிய வரும்,
நீ பேசி முடிச்சு வீட்டுக்குப் போ, பெறவுதான் ஒனக்கு வலி வரும்.
வீட்டுல அம்மைட்ட தமிழு, மேடையில ஏறுனா இந்தி,
நடுவுல பிரிஞ்ச தையல மறைக்கத்தான் கத்துதியோ, முந்தி முந்தி?"

நான் தாளை எடுத்தேன். அதில் இரண்டு கட்டங்கள்: லிரிக்ஸ், அக்ரெஷன். மொத்தம் போடுவது குழுவின் வேலை. முதலாவதை வரி நயம் என்றும் இரண்டாவதை ஆவேசம் என்றும் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பில் தவறில்லை.

தவறு சங்கத்துப் பேச்சுப் போட்டியில் இருந்து வந்தது. எங்கள் மாட்டுங்கா தாளில் கடைசிக் கட்டம் ஆவேசம். அது கழித்தல் கட்டம். மைக்கைக் கடிக்கிற, மேசையைக் குத்துகிற, 'தமிழா!' என்று நடுவர்களைப் பயமுறுத்துகிற குழந்தைகளைக் கட்டுக்குள் வைக்க எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏற்படுத்திய கட்டம். பத்துக்கு எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவும் மொத்தத்தில் இருந்து போகும். முப்பது பொங்கல் அப்படித்தான் போட்டிருக்கிறேன். பழகிய கை.

ஆகவே அந்தப் பையனின் கத்தலுக்குக் கடும் தண்டனையாக ஆவேசம் ஒன்பது. வரி நயம் ஐந்து. அவளுக்கு வரி நயம் ஒன்பது. ஆவேசம், வாயார வாழ்த்தி, இரண்டு. அந்த இரண்டைப் போடும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இத்தனை அடக்கமாக ஒருவரைக் குத்த முடியும் என்று காட்டிய பெண்ணுக்கு, இது போதும் என்று நினைத்தேன்.

மற்ற இரு நடுவர்களில் ஒருவன் முந்தைய ஆண்டு வென்றவன், தாராவிக்காரன். இன்னொருவர் தாணேயில் இருந்து வந்த மராத்தி ஆசிரியை. தமிழர்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் எல்லாம் புரியும். இரண்டுக்கு ஒன்று என்று அந்தப் பையன் வென்றதாக அறிவித்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "மத்த ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணைக் கவுத்துட்டா" என்று வருத்தத்தோடு சொன்னேன். இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டேன்.

மதிப்பெண் தாள்களை மறுநாளே எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து தாராவியில் இருந்து நடந்தே வந்து, அந்தப் பெண் எங்கள் மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினாள்.

"சண்டைக்கு வரல சார். ஒரே ஒரு கேள்வி." போனை நீட்டினாள். என் கையெழுத்து, என் தாள். "அந்த டீச்சரம்மா எனக்குப் போட்டுட்டாவ. போன வருசம் ஜெயிச்சவன் அவனுக்குப் போட்டுட்டான். தோக்கடிச்சது உங்க பேப்பரு. எனக்கு அக்ரெஷன் ரெண்டு, அவனுக்கு ஒம்பது. கூட்டுனா நான் பதினொண்ணு, அவன் பதினாலு."

"கூட்டினாலா?" என்றேன்.

"பெறவு? கழிப்பாவளா?"

உள்ளே மிக்ஸி நின்றது. என் மனைவி எப்போதும் சரியான இடத்தில்தான் மிக்ஸியை நிறுத்துவாள்.

எழுந்துபோய் விதிப் புத்தகத்தை எடுத்தேன். ஆறு பக்கம் தாண்டி, இணைப்பு 'அ'. இரண்டு கட்டங்களையும் கூட்டி மொத்தம் போடவும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். பேச்சுப் போட்டி, கழித்தல் கட்டம், முப்பது பொங்கல், எல்லாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ரெண்டு போட்டது பாராட்டா சார்?"

"ஆமாம்."

"நல்ல பாராட்டு. இன்னொரு தடவ பாராட்டிராதீய."

சமையலறை வாசலில் இருந்து மனைவி சொன்னாள்: "ஏன்னா, ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பேள்?"

"மெமோ."

"குடுத்துக்கோங்கோ. நான் இவளுக்கு டிபன் குடுக்கறேன்."

உப்புமா சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள். "இப்ப எத்தன போடுவீய?"

அதுதான் சிக்கல். கூட்டலில் தவறு என்றால் அது பிழை. பேனாவை எடுத்துத் திருத்தலாம். இரண்டு என்று போட்டதை வேறு எண்ணாக்குவது அப்படியல்ல. அந்த வேறு எண் என்ன? அவள் கத்தவில்லை என்பதற்காகத்தானே இரண்டு போட்டேன்? கத்தாதவளுக்கு ஆவேசத்தில் எவ்வளவு? அவளுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது, குழு எடுத்திருந்த வீடியோவைத் திரும்பப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றேன்.

"பாத்தே எழுதுங்க. பாவம்னு போட்டா எனக்கு வேண்டாம் சார். பாவத்துல ஜெயிச்சேன்னு தெரிஞ்சா அடுத்த பேட்டில்ல அவன் அதத்தான் பாடுவான்."

மறுநாள் காலை வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை ஒலியோடு. அவன் உரக்க, அவள் மெதுவாக, எனக்குத் தெரிந்ததே. இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரை மட்டும் பார்த்தேன். அவன் கத்துகிற நேரமெல்லாம் அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசும்போது அவன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டான். தையல் பிரிந்த வரி வந்ததும் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவனைப் பார்த்து.

எனக்குப் பழைய மேலதிகாரி ஒருவர் ஞாபகம் வந்தார். எங்கள் அலுவலகத்தில் கத்துகிற அதிகாரிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் கத்தியதை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவோம். இவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோப்பின் ஓரத்தில், பென்சிலால், சிறிய எழுத்தில், 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதி அனுப்புவார். வந்து பேசவும். அவ்வளவே. அந்த இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு மாற்றல் கேட்டு எழுதியவர்களை எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு நான் ஆவேசத்தில் எவ்வளவு போட்டிருப்பேன்?

எட்டு என்று எழுதினேன். அவனுடைய ஒன்பதைத் தொடவில்லை. தண்டனையாகப் போட்டது பரிசாகவே இருக்கட்டும். பதினேழுக்குப் பதினாலு. இரண்டு பக்கக் கடிதம், மூன்று பிரதி, என் பிழையை என் பெயரிலேயே ஒப்புக்கொண்டு. அன்றைக்கே, அதாவது முடிவு வந்த மூன்றாம் நாள், ஒப்புகை அட்டையோடு தபாலில் சேர்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் அது எனக்கே திரும்பி வந்தது. கதவு பூட்டியிருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது என்று மூன்று தேதியில் குறிப்பு. விதிப் புத்தகத்தில் அச்சிட்டிருந்த முகவரி, போட்டியை நடத்துகிற நண்பர் மகனின் அக்கா வீடாம். அக்கா காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாளாம்.

போனில் அவன் சிரித்தான். "அங்கிள், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ தட்டிவிட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

"விதி இரண்டு," என்றேன்.

"அதையெல்லாம் யாரு படிச்சா அங்கிள்? இப்ப ஏழு நாள் தாண்டிடுச்சே, என்ன பண்றது?"

"அனுப்பிய தேதிதான் கணக்கு. ரசீது என்னிடம் இருக்கிறது."

"டீக் ஹை, கமிட்டில வெக்கிறேன்."

'கமிட்டியில் வைக்கிறேன்' என்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் செம்பூர் போய், அக்காவின் கையில் கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். பிறகு முதல் நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல். தீபாவளி வந்தது. போனது.

அடுத்த ஞாயிறு, இறுதிச் சுற்று அதே டிராயிங் வகுப்பில் நடந்தது. நடுவர் வேலையை விட்டுவிட்டேன், பார்வையாளனாகப் போனேன். மோதிய இருவரும் இந்தியில்தான். டீ இடைவேளையில், எங்களோடு அரையிறுதிக்கு நடுவராக இருந்த பழைய வெற்றியாளன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அங்கிள், நீங்க லெட்டர் போட்டதா கேள்விப்பட்டேன். அவ நல்லாத்தான் எழுதுதா. ஆனா பேட்டில்னா எதிராளிக்குப் பயம் வரணும். அவ சத்தமே போடலியே?"

"வீடியோவை ஒலி இல்லாமல் பார்த்தாயா?"

"ராப்ப ஒலி இல்லாமலா? யார் அங்கிள் நீங்க!"

இருந்தாலும் போனை எடுத்துப் பார்த்தான். டீ ஆறுகிற வரை பார்த்தான். தொப்பி கழன்ற இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவளும் வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில். போகும்போது என்னிடம், "பதில் வந்துச்சா சார்?" என்றாள்.

"இல்லை."

"ஃபைனலே முடிஞ்சு போச்சு. இனி வந்தா என்ன, வராட்டி என்ன? அடுத்த வருசத்துக்கு இந்தியில எழுத ஆரம்பிச்சுட்டேன்."

"சிரிப்பு வருகிறதா?"

"இல்ல," என்றாள்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில்தான் என் சொந்த வாசகத்தை ஒழுங்காக யோசித்தேன். விதி நான்கு, இறுதிச் சுற்றில் பாட வேண்டும் என்று சொல்லவில்லை. தகுதி பெற வேண்டும் என்றுதான் சொல்கிறது. தாள் திருத்தப்பட்டால், அரையிறுதியில் வென்றவள் அவள். இறுதிச் சுற்று முடிந்துவிட்டது, யாரும் அதைத் திரும்ப நடத்தப் போவதில்லை. ஆனால் தகுதி பெற்றாள் என்பது பதிவேட்டில் நிற்கும். மூன்றாம் நினைவூட்டலில் இதை ஒரே பத்தியில் எழுதினேன். 'தங்கள் பதிலை எழுத்து மூலம் எதிர்பார்க்கிறேன்' என்று முடிக்கவில்லை. ஓரத்தில், பென்சிலால், 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதினேன்.

பதில் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. அனுப்பிய தேதியைக் குழு ஏற்கிறது, தாள் திருத்தப்பட்டது, பழைய வெற்றியாளரான நடுவரும் இதற்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், இறுதிச் சுற்றை மீண்டும் நடத்த இயலாது, ஆயினும் தமிழில் பாடிய ஒருவர் தகுதி பெற்றதால் அடுத்த ஆண்டும் தமிழ் பட்டியலில் இருக்கும். கீழே பேனாவால், 'அங்கிள், அடுத்த தடவை இணைப்பையும் நீங்களே எழுதிடுங்க.'

அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். "இருங்க சார், நிறுத்திட்டு வாரேன்." நின்றது. படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?"

"பதிவேட்டில்."

"தமிழு?"

"உண்டு."

"இந்தி நோட்ட மூடி வைக்கேன்," என்றாள். "அவன்ட்ட போயி சொல்லணும் சார். மெதுவா."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கடிதத்தை மடிப்பதற்கு முன், வலது மேல் மூலையில், பழக்கத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.